நான் கால் வைத்த படகு

என் சின்ன மகனின் முதுகு உடைந்த சத்தத்தை நான் கேட்கவில்லை. கேட்டவன் பெரியவன். என்ஜின் அந்தக் கத்து கத்தும்போது எலும்பு முறிகிறது எப்படிக் காதில் விழும் என்று குப்பத்தில் பலபேர் கேட்டார்கள். விழுந்தது என்று அவன் ஒரே ஒருதரம் சொன்னான், அதுவும் குடித்திருந்தபோது. அப்புறம் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

வாடைக்காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த மாதம் அது. அண்ணனும் தம்பியும் ஆழத்துக்குப் போய் வலைவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது அடி தட்டையான ஃபைபர் படகு. அலை ஏறினால் அதுவும் ஏறும். அலை சட்டென்று காலடியிலிருந்து நழுவிவிட்டால் ஒரு நொடி வெறும் காற்றில் நிற்கும். அப்புறம் விழும். தட்டை அடி தண்ணீரில் விழுகிறது, சிமெண்டுத் தரையில் கதவைப் பிடுங்கிப் போட்டதுபோல. பெரியவன் பின்னால் என்ஜினில் இருந்தான். சின்னவன் அணியத்தில், அதாவது படகின் முன்தலையில், பலகைமேல் உட்கார்ந்திருந்தான். முன்தலைதான் உயரத்திலிருந்து விழும். நிற்கிறவனுக்கு அடி முழங்காலோடு போகும், உட்கார்ந்தவனுக்கு முதுகில் இறங்கும். அன்றைக்கு விழுந்த ஓர் அடியில் படகின் அடியும் விரிந்தது, என் பிள்ளையின் முதுகும் விரிந்தது.

வலையிலேயே போட்டு நாலு பேர் தூக்கிவந்தார்கள். வலிக்குக் கத்தக்கூடாது என்று உதட்டைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் இடுப்புக்குக் கீழே ரெண்டு காலும் மரத்துப்போகும், அப்புறம் கட்டில்தான் என்றார்.

கடலுக்குப் போகாமல் அவனால் இருக்க முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. என்கூட உப்பளத்துக்கு வந்து பார்த்தான். குனிந்து உப்பை வாரி இழுக்கிறது கடலைவிட மோசம். ரோட்டோரம் உப்பு மூட்டை போட்டு விற்கிற கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தான். கார் நிறுத்தி வாங்குகிறவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். வீட்டில் ஒருநாள் சோற்றுத்தட்டைச் சுவரில் அடித்தான். பெரியவன் எழுந்து அவனை ஓர் அறை விட்டான். உடம்பு சரியில்லாதவன் என்று பார்க்கவில்லை. கையில் அவன் அப்பன் கனம். அந்தக் கனம் எனக்குத் தெரியும், இருபது வருஷம் வாங்கியிருக்கிறேன்.

"படகு அடிக்கலம்மா. இவனுக்கு ஒழுங்கா உக்காரத் தெரியல" என்பான் பெரியவன், முதுகுப் பேச்சு வந்தாலே.

சின்னவன் பதில் சொல்ல மாட்டான். அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். அண்ணனை எதிர்த்துப் பேச அவனுக்கு நாக்கு வராது. எனக்கோ யாரை எதிர்த்தும் வராது. நாலு ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் பெயரைக் கேட்டால்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறவள் நான்.

கடைசியில் ரெண்டுபேரும் சேர்ந்தே கடலுக்குப் போவது, பழைய படகுதான் என்றாலும் நல்லதாக ஒன்று பார்த்து வாங்குவது என்று முடிவாயிற்று. கூனிமேட்டில் ஒரு பாய் இருந்தார். கல்ஃபில் பல வருஷம் இருந்து வந்தவர். படகு விட்டு வேறு பிழைப்புக்குப் போகிறவர்களிடம் வாங்கி, ஓட்டை அடைத்து, பெயிண்ட் அடித்து விற்பார். அவரிடம் அப்போது ரெண்டு படகு இருந்தது.

பார்க்கப்போன அன்றைக்குக் கடல் கெட்டுக் கிடந்தது. யாரும் படகு தள்ளவில்லை. பெரியவன்தான் அந்த நாளைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினான். "நல்ல கடல்ல எல்லாப் போட்டும் மயிலாட்டம்தான் போவும் பாய். கோவத்துல இருக்கும்போதுதான் இன்னான்னு தெரியும்" என்றான்.

நான் சாப்பாட்டுத் தூக்கோடு பின்னாலேயே போனேன். சாப்பாடு ஒரு சாக்கு. சின்னவனைத் தனியாக விட மனசில்லை.

கரையில் வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர். நான் படகுக்குப் பக்கத்தில் போனதும் ஒரு கிழவர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஏம்மா, தள்ளி நில்லு. தாலி அறுத்தவ நெழலு போட்டுமேல உழப்போவுது."

பாய் சிரித்தார். "பெரியவரே, எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கெடையாது. ஆனா வாங்குறவனுக்கு இருக்குதே! ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அம்மா தெரியாம ஏறிடுச்சு. அந்தப் போட்டு இன்னும் என் கொல்லையிலதான் கெடக்குது. கோழி முட்டை வைக்குது."

"பெத்த புள்ள போட்டுன்னா தோஷமில்ல" என்றார் கிழவர். "பூசணிக்கா ஒடச்சா போச்சு. அடுத்தவன் போட்டுலதான் ஆவாது. அப்புறம் அத எவனும் சீந்த மாட்டான்."

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போய் நின்றேன்.

ரெண்டு படகையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று அகலம். புது நீலப் பெயிண்ட். அடி எங்கள் பழைய படகைப்போலவே தட்டை, அதைவிடப் பெரிசு. தண்ணீரில் தள்ளியதும் பெரியவன் அதன் விளிம்பில் ஏறி ஒருபக்கமாகவே நடந்து காட்டினான். சாயவில்லை.

"பாத்தியாடா? கல்யாண மேடை! எத்தன பேரு ஒருபக்கம் நின்னு வலை இழுத்தாலும் அசையாது."

இன்னொன்று தெற்கத்திப் படகு. ஒடுக்கம். மூக்கு உயரம். பழைய பச்சைப் பெயிண்ட் உரிந்திருந்தது. அடியில் நடுவாக அரிவாள்மணையின் வாய்போலக் கூர்மை ஓடியது. அது கனமும் அதிகம், கரையேற்ற டிராக்டர் திணறும் என்றார்கள். பெரியவன் அதன் விளிம்பில் கால் வைத்ததும் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து அவனைத் தண்ணீரில் கொட்டப் பார்த்தது. கரையில் எல்லாரும் சிரித்தார்கள்.

"தொட்டில்டா இது! ஏம்பா, கொழந்த இருந்தா போட்டு ஆட்டு!" என்று ஒருவன் கத்தினான்.

எங்கள் ஆம்பளைகள் படகு பார்க்கிற விதமே இதுதான். நிற்கும்போது ஆடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நின்று வலை இழுக்கிற நேரம்தான் அவர்களுக்குக் கணக்கு. ஓடிப்போகிற நேரமும் ஓடிவருகிற நேரமும் உடம்பு பொறுத்துக்கொள்ளவேண்டியது, அது படகின் குற்றம் இல்லை என்று நினைப்பு.

பெரியவனும் பாயின் ஆள் ஒருவனும் முதலில் நீலப் படகை வெளியே எடுத்தார்கள். கரையில் முறிகிற அலைகளைத் தாண்டியதும் பெரியவன் என்ஜினைத் திருகினான். படகு அலைமேல் ஏறி மறைந்தது. பிறகு சத்தம் வந்தது.

பொடேர்.

அவ்வளவு தூரத்திலிருந்தும் அது கரைக்குக் கேட்டது. வெடி வைத்ததுபோல. மறுபடி ஏறியது, மறுபடி பொடேர். நான் படகைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்னவனைப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. முகத்தில் ஒன்றும் இல்லை. சும்மா வேடிக்கை பார்க்கிறவன்போலத்தான் நின்றான். ஆனால் அடி விழும்போதெல்லாம் கால்விரல்கள் மணலைக் கவ்வின. மாட்டைச் சாட்டையால் அடிக்கும்போது பக்கத்து மாட்டின் தோல் துடிக்குமே, அதுபோல இருந்தது.

அடுத்து பச்சைப் படகு போனது. அதுவும் ஏறியது, மறைந்தது. நான் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ரெண்டு பக்கமும் வெள்ளையாகத் தண்ணீர் எழும்பியது, படகு குடிகாரன்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. சின்னவன் கை தொங்கியபடி இருந்தது.

திரும்பிவந்த பெரியவன் குதித்து இறங்கும்போதே சொல்லிவிட்டான். "பாய், நீலம். பேசிடலாம்."

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவன்போலத் தம்பியைப் பார்த்து, "நீ இன்னாடா சொல்ற?" என்றான்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணா."

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "டேய், சொல்லுடா" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"யம்மா, சும்மா இரு. என்னால அண்ணன் ஏன் ஒடுங்கிப்போன போட்டுல கஷ்டப்படணும்?"

அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. கிழவர், பாய், தொட்டில் என்று கத்தியவன், எல்லாருடைய முகத்தையும் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. பெரியவன் பாயின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தான். கை கொடுத்துவிட்டால் முடிந்தது. எங்கள் பக்கம் கொடுத்த கையை வாங்க மாட்டார்கள்.

பச்சைப் படகு மூக்கை மணலில் வைத்து, பின்பக்கம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. பாயின் ஆள் இன்னும் உள்ளேதான் இருந்தான். நான் தூக்கைக் கீழே வைத்தேன். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அலை இடுப்பில் அடித்துத் தள்ளியது. விளிம்பைப் பிடித்து வயிற்றால் ஊர்ந்து, முழங்கால் தோல் உரிய, ஏறி உள்ளே விழுந்தேன். எழுந்து முன்தலையில் போய் உட்கார்ந்தேன்.

கரையில் நின்றவர்கள் தண்ணீர்வரை ஓடிவந்தார்கள்.

"போச்சு!" என்றார் கிழவர்.

"யா அல்லா!" பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யம்மா! இன்னா வேலை பண்ணீங்க? இத இனிமே நான் எவன்கிட்ட விக்கிறது? தம்பி, ஒங்க அம்மா ஏறிட்டாங்க. இந்தப் போட்டு ஒங்களுதுதான். இன்னொரு கோழிக்கூண்டு எனக்கு வாணாம்!"

பெரியவன் ஓடிவந்தான். என் கையைப் பிடித்து இழுத்தான். தோள் கழன்றுவிடும்போல இருந்தது.

"எறங்கு! எறங்குன்றேன்!"

"எறங்கினா மட்டும் தீட்டு போயிடுமா?" என்று கரையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

அவன் என் கையை விட்டான். என்னை அடிக்க முடியவில்லை. திரும்பித் தண்ணீரில் நடந்துபோய்த் தம்பியின் வாயில் குத்தினான்.

"நீதாண்டா சொல்லிக் குடுத்த! வாயில ஒண்ணு, வயித்துல ஒண்ணு! என்னாண்ட ரெண்டும் ஒண்ணுன்ற, கெழவிய ஏத்தி உட்டு வேடிக்கை பாக்குற!"

சின்னவன் மல்லாந்து விழுந்தான். நான் அலறிவிட்டேன். முதுகு. அதுதான் எனக்குத் தெரிந்தது. மணலில் விழுந்ததால் பிழைத்தான். வாயிலும் மூக்கிலும் ரத்தத்தோடு எழுந்து நின்றான். பெரியவன் மறுபடி கை ஓங்க, ரெண்டுபேர் அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள். அவன் உதறியதில் ஒருவன் தண்ணீரில் போய் விழுந்தான்.

"ஏறிட்ட இல்ல?" என்னைப் பார்த்துக் கத்தினான். கண் சிவந்திருந்தது. "உக்காரு! நீ வாங்குன தொட்டிலு எப்படி ஆடுதுன்னு காட்டுறேன்!"

படகை அவனே தோளால் தள்ளினான். பாயின் ஆள் உள்ளே இருந்து ஒரே குதியாகக் குதித்துக் கரைக்கு ஓடிவிட்டான். என்ஜின் உறுமியது. அந்த நேரம் பக்கவாட்டில் ஒரு கை விளிம்பைப் பற்றியது. சின்னவன்.

"எறங்குடா நாயே!"

"அம்மா தனியா வராது" என்றான். ஏறி என் பக்கத்தில் முன்தலையில் உட்கார்ந்தான். எந்த இடத்தில் முறிந்ததோ, அதே இடம்.

கரை அலை எங்களை நெஞ்சில் அறைந்தது. உப்புத் தண்ணீர் கண்ணிலும் மூக்கிலும் போய் எரிந்தது. வெளியே போனதும் பெரியவன் வேகத்தைக் கூட்டினான். மூக்கு எழுந்தது, எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. அடிவயிறு மேலே வந்தது. இப்போது விழும், இப்போது விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். விழுந்தது. ஆனால் அறையவில்லை. புதுத் துணியைக் கிழிக்கிறதுபோல ஒரு சத்தம், தண்ணீர் ரெண்டாகப் பிளந்து ரெண்டு பக்கமும் சுவராக நின்றது, படகு கழுத்துவரை முங்கி எழுந்தது. உடனே பக்கவாட்டில் சாய்ந்தது. நான் உருண்டு போனதில் விலா குறுக்குப்பலகையில் மோதியது. மூச்சு நின்று வந்தது. இந்தப் பக்கம் எழுந்தேன், அந்தப் பக்கம் சாய்ந்தது. முழங்கை தோலை ஃபைபர் வழித்துக்கொண்டு போனது. காலையில் குடித்த கஞ்சியெல்லாம் வாந்தி வந்தது. சின்னவன் ஒரு கையால் கயிற்றையும் ஒரு கையால் என் கொண்டையையும் பிடித்திருந்தான்.

"தெரியுதா? இப்பத் தெரியுதா?" பின்னாலிருந்து பெரியவன் கத்தினான். "இதுல நின்னு எவன் வலை இழுப்பான்? ஒம் புள்ளையா?"

அவன் அலையைத் தேடித் தேடிப் போனான். சாய்ந்து தாண்டக்கூடியதையும் நேராகக் குத்தினான். அது படகைப் பார்க்கிற ஓட்டம் இல்லை. யாரையோ அடிக்கிற அடி. என்னையா, தம்பியையா, அன்றைக்கு அவனுக்குக் கேட்ட அந்தச் சத்தத்தையா, எனக்குத் தெரியாது.

பிறகு அந்த அலை வந்தது. தூரத்திலேயே கறுப்பாக, மற்றதைவிட ஒரு ஆள் உயரம் கூட. பெரியவன் அதைப் பார்த்தான். வேகத்தைக் குறைக்கவில்லை. ஏறினோம், ஏறிக்கொண்டே இருந்தோம். உச்சியில் அலை கீழே நழுவிப் போனது. என்ஜின் தண்ணீர் இல்லாமல் கிறீச்சென்று கத்தியது. எங்களுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

அப்போது பெரியவன் ஓர் ஓலம் போட்டான். அந்தக் குரலை அவனிடமிருந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"டேய்! எழுந்து நில்லுடா! உக்காராத! உக்காராதடா தம்பி!"

எழுந்திருக்க எங்கே நேரம். சின்னவன் என்னை மார்போடு இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினான். விழுந்தோம். கூர் அடி தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருந்தது, கிணற்றுக்குள் இறங்குகிறதுபோல. பச்சைத் தண்ணீர் தலைக்குமேல் வந்து மூடியது. பிறகு மூக்கு எழும்பி, நாங்கள் தொப்பலாக நனைந்த கோணிகள்போல உள்ளே கிடந்தோம். படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

என்ஜின் சத்தம் அடங்கியிருந்தது. பெரியவன் முழங்காலிட்டு, படகுக்குள் தேங்கிய தண்ணீரில் தவழ்ந்து வந்தான். என்னைத் தாண்டித் தம்பியிடம் போனான். அவன் இடுப்பில், முறிந்த இடத்தில், கையை வைத்தான்.

"வலிக்குதாடா?"

ஆஸ்பத்திரியில் கிடந்த மாதமெல்லாம், வீட்டில் கிடந்த மாதமெல்லாம், அதை அவன் கேட்டதே இல்லை.

சின்னவன் கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். எல்லாம் அசைந்தன. அவன் கடலில் ரத்தமாகத் துப்பினான்.

"நீ குத்தினதுதாண்ணா வலிக்குது. பல்லு ஆடுது."

பெரியவன் சிரிக்கவில்லை. தம்பி மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அலை அதுபாட்டுக்கு எங்களை ஆட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது அவன் அலைக்குச் சரித்துச் சரித்து, தாலாட்டுகிறதுபோல ஓட்டிவந்தான். கரையில் இறங்கியதும் பாய் எங்கள் மூன்றுபேர் முகத்தையும் பார்த்தார். பெரியவன் அவரிடம் கையை நீட்டினான். பூசணிக்காய் வாங்கிவரச் சொல்லி, அதைப் படகின் முன்னால் போட்டு உடைத்த உடைப்பில் பாயின் வெள்ளைச் சட்டையெல்லாம் விதை.

முறிந்த என் விலா எலும்பு ரெண்டும் கூடிவர மழைக்காலம் ஆகிவிட்டது. பெரியவன் என்னோடு வெகுநாள் பேசவில்லை. இன்றைக்கும் வலை இழுக்கிற நேரம் படகு சாயும்போதெல்லாம் என்னைத்தான் திட்டுகிறானாம். "இந்தக் கெழவி கால் வைக்க வேற எடமே கெடைக்கலியா" என்று. சின்னவன்தான் வந்து சொல்லுவான், அவனைப்போலவே கத்திக் காட்டி.

கடல் கெட்டிருக்கிற நாளில் நான் உப்பளத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்துவிடுவேன். படகுகள் ஒவ்வொன்றாக வரும். பொடேர் பொடேர் என்று அறைந்துகொண்டு வருகிறவற்றில் எங்களுடையது இருக்காது. அது ஆடிக்கொண்டு, கடைசியாக, சத்தமில்லாமல் வரும். பெரியவன் முதலில் குதிப்பான். குதித்துவிட்டு விளிம்பில் தோளைக் கொடுத்து நிற்பான். சின்னவன் அந்தத் தோளில் கையை ஊன்றி, குதிக்காமல், ஒரு காலைத் தண்ணீரில் வைத்து, அப்புறம் இன்னொரு காலை வைப்பான்.